சாரலில் பார்த்த மனை

(குறுவள மையக் கூட்டம் ஒன்றின் நிறைவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கற்றல் விளைவுகள் பற்றிக் காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். கடைசி அரை மணி நேரத்தில் உங்கள் வகுப்பறை அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் ஒருங்கிணைப்பாளர். நான் கணித ஆசிரியை. என் அனுபவம் கூட்டு வட்டியில் தொடங்கி என் வீட்டுக் கதையில் போய் முடியும். சாப்பாட்டு இடைவேளையில் நாம் அடிக்கடி பேசிக்கொள்ளும் கேள்விதான் இதிலும்: வாடகைக்கே இருந்துவிடலாமா, வீடு வாங்கிவிடலாமா?

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்று ஓர் இயல் இருக்கிறது. கூட்டு வட்டி அதில்தான் வரும். அசலும் காலமும் கொடுத்தால் பிள்ளைகள் சூத்திரத்தில் போட்டு விடை எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் வீட்டுக்குள் நுழையவே நுழையாது. எனவே ஒரு வருடம் இப்படிக் கேட்டேன்: “உங்க வீடு சொந்த வீடா, வாடகையா, ஒத்தியா? நீங்க பிறந்ததிலிருந்து எத்தனை வீடு மாறியிருக்கீங்க? வீட்டுல கேட்டு எழுதிட்டு வாங்க.”

மறுநாள் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். நாலைந்து பேர் வாசித்தபோதே வகுப்பு இறுகிப்போனது. சொந்த வீட்டுப் பிள்ளைகள் குரலை உயர்த்தி வாசித்தார்கள், மற்றவர்கள் நோட்டை மூடிக்கொண்டார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், இன்னும் இரண்டு பேரை வாசிக்கவிட்டேன். இப்போதெல்லாம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்கிறேன். இதே செயல்பாட்டைச் செய்ய நினைப்பவர்கள் முதல் நாளிலேயே டப்பாவை வைத்துவிடுங்கள்.

அன்று வாசிக்காமல் நோட்டை மூடிய ஒரு பையன் மாலையில் தனியாக வந்து கொடுத்தான். “வீடு வாடகை. மாறிய வீடு ஒன்றுதான். ஆனால் வருடா வருடம் மாறுவோம்” என்று எழுதியிருந்தான். புரியாமல் கேட்டேன்.

“டீச்சர், சீசனுக்கு வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துருவோம். செப்டம்பர்ல திரும்ப வந்துருவோம்.”

குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாக விழும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் தண்ணீர் வரும், கூட்டமும் வரும். ஆகஸ்ட் வரை ஒவ்வொரு அறைக்கும் கிராக்கிதான். விடுதிகள் நிரம்பிய பிறகு வீடுகளும் நாள் வாடகைக்குப் போகும். மற்ற ஒன்பது மாதமும் சில ஆயிரம் ரூபாய்க்குக் குடியிருக்கும் வீட்டில், ஒரு சனி ஞாயிறில் அந்த மாத வாடகையை எடுத்துவிடலாம். அருவிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆசை. குடியிருப்பவருக்கு மே மாதம் என்றாலே மூட்டை கட்டுவதுதான்.

அந்தப் பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். சீசனில்தான் அவருக்கும் வருமானம் என்பதால் ஸ்டாண்டிலேயே தங்கிக்கொள்வார். அம்மாவும் பிள்ளைகளும் பண்பொழியில் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அவன் ஏன் ஒவ்வொரு வருடமும் பத்து, பன்னிரண்டு நாள் வருவதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஜூனிலும் அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “லீவு முடிஞ்சது உனக்கு மட்டும் தெரியாதோ?” என்று கேட்டவள் நான்தான்.

அவன் அம்மாவோடு வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். அவரோ தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வயதானவர், ஓய்வூதியம் கிடையாது. “டீச்சர், இந்த மூணு மாசக் காசுலதான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் வருசம் பூரா மருந்து மாத்திரை. வாடகையை மட்டும் நம்பி இருந்தா வெள்ளையடிக்கக்கூட முடியாது” என்றார். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? அந்தக் குடும்பம் கையில் எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு.

நம் மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சண்டை என்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொல்லமாட்டேன், டப்பாவும் கொண்டுவரவில்லை.

பையன் விஷயத்தில் நான் செய்ய முடிந்தது சின்னதுதான். புதிய பஸ் பாஸ் வரும்வரை சீருடையோடு அரசுப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்பு வரும். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. பாஸ் கிடைத்த பிறகு அனுப்பலாம் என்று இருந்திருக்கிறார். அடுத்த ஜூனில் இரண்டாம் நாளே வந்துவிட்டான்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். 25 லட்சம் ரூபாய் வங்கிக் கடன், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 21,696 ரூபாய் வரும். முதல் மாத வட்டி எவ்வளவு என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். 17,708. அப்படியென்றால் அசலில் கழிவது 3,988 மட்டும்.

“டீச்சர், இருபத்தோராயிரம் கட்டி நாலாயிரம்தான் கழியுமா?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். இயல் முழுவதும் வாயே திறக்காதவள். பத்து ஆண்டு முடிவில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தோம். 26 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம், கடனோ இன்னும் பதினேழரை லட்சம் நிற்கும். 20 ஆண்டில் மொத்தம் கட்டுவது 52 லட்சத்துச் சொச்சம். கூட்டு வட்டியை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அதே கணக்கை எனக்காகப் போட்டேன். எனக்கு 44 வயது. ஓய்வு வயது 60 என்பதால் வங்கியில் 16 ஆண்டுதான் தருவார்கள். அப்போது 25 லட்சத்துக்குத் தவணை 23,862. நாங்கள் பார்த்து வைத்திருந்த புது வீடு 35 லட்சம், கையில் பத்து போட்டால் மீதி கடன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை 7,500. வருடம் 90,000. 35 லட்சம் பெறும் வீட்டுக்கு 90,000 என்றால் இரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வைப்புத்தொகையில் போட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வட்டி வரும். வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினாலும் இருபது வருடம் கழித்து 19,900தான் வரும். அப்போதுகூட இன்றைய தவணையைத் தொடாது. இது தென்காசிக் கணக்கு. சென்னையில் இருப்பவர்கள் தங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்திரச் செலவையும் மறந்துவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 35 லட்சத்துக்கு 3,15,000. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குகிற சகோதரிகள் கவனத்தில் வையுங்கள்.

இதையெல்லாம் பார்த்தால் வாடகைதான் லாபம் என்று தோன்றும். என் கணவரிடம் அப்படித்தான் வெற்றிப் புன்னகையோடு சொன்னேன். அவர் மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். “சரிதான். வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசம் மாசம் பதினாறாயிரம். அதை நாம பன்னெண்டு வருசமாச் சேர்த்து வச்சிருக்கோமா?” என்று கேட்டார்.

பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தோம். தம்பி கல்யாணம், ஒரு சீட்டு, அந்தச் சீட்டில் போனது கொஞ்சம், ஒரு வண்டி, பெரியவளின் பயிற்சி வகுப்பு. சேர்த்தது இருக்கிறது, ஆனால் மாதம் பதினாறாயிரம் வீதம் இல்லவே இல்லை. வாடகை லாபம் என்று சொல்லும் கணக்கு, மிச்சத்தை ஒழுங்காகச் சேமிக்கிற ஒருத்தியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நான் அவள் இல்லை. தவணை என்றால் சம்பளம் ஏறிய மூன்றாம் நாள் வங்கியே பிடித்துக்கொள்ளும், தம்பி கல்யாணம் என்று அதனிடம் சொல்ல முடியாது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவள் நான். மூத்த ஆசிரியர்கள் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து பகுதி இறுதித் தொகை எடுத்து வீடு கட்டினார்கள், எனக்கு அந்த நிதியே கிடையாது. அரசு தரும் வீடு கட்டும் முன்பணத்தின் உச்சவரம்பை 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் 40 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தினார்கள், நல்ல விஷயம். ஆனால் நாம் திருப்பிக் கட்டுவது நம் சம்பளத்தில்தானே, வரம்பு உயர்ந்ததால் சம்பளம் உயராது. வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் வாடகைக்கும் கழிவு உண்டு, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரையும் உண்டு. புதிய முறைக்குப் போனவர்களுக்கு இரண்டும் இல்லை. எனவே வரிக்காக வீடு வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எந்த முறை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் ஐந்து வீடு மாறினோம். நான்காவது ஒத்தி வீடு. நம் பக்கத்தில் ஒத்தி, வடக்கே போக்கியம் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். நாங்கள் 4 லட்சம் கொடுத்தோம். வாடகையே இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன். கணித ஆசிரியைக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது, 7 சதவீதம் வைத்தால்கூட 4 லட்சத்துக்கு வட்டி மாதம் 2,333 ரூபாய். அதுதான் வாடகை. அந்த வீட்டுக்கு அது குறைச்சல்தான், மறுக்கவில்லை.

வினை வேறு இடத்தில் இருந்தது. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டோம், பதிவுசெய்யவில்லை. செலவு வேண்டாமே என்று வீட்டுக்காரர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி ஒத்தி ஓர் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றாலே பதிவுசெய்தாக வேண்டும். பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. வீட்டுக்காரர் வீட்டை விற்றிருந்தால், வாங்குகிறவருக்கு நாங்கள் ஒத்திக்காரர்கள் என்பதே தெரிந்திருக்காது. எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. காலி செய்து எட்டு மாதம் கழித்து, மூன்று தவணையாகப் பணம் வந்தது. அந்த எட்டு மாதமும் என் மாமியார் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அந்த மனுசன் போன் பண்ணுனானா?”

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு விஷயத்தில் எங்களைவிடத் தெளிவாக இருப்பவர் அவர். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மறுநாளே ஊர் மாறிவிடவில்லை. ஆனால் ஆட்சியர் அலுவலகம் எங்கே வரும், எந்தச் சாலை விரியும் என்ற பேச்சு டீக்கடைதோறும் தொடங்கியது. நெல் விளைந்த இடங்களில் வெள்ளைக் கல் ஊன்றிக் கொடி கட்டினார்கள். எங்களுக்கும் ஜுரம் வந்தது. 2021 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சென்ட் மனை ஒன்றைப் பார்க்கப் போனோம். சாரல் தூவிக்கொண்டிருந்தது. எதிரே மலையில் மேகம் இறங்கி நின்றது. கால் வைத்த இடமெல்லாம் பச்சை. அந்த இடத்திலேயே தரகர் கையில் 25,000 முன்பணம் கொடுத்தோம்.

பிறகுதான் காகிதங்களைப் பார்த்தோம். வரிசை தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். பட்டா இருந்தது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இரண்டுமே முழு உத்தரவாதம் அல்ல. பதிவான ஆவணங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். மூலப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறாமல் வருகிறதா, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. கோயில் நிலம் என்றால் சுவர் நமது, தரை கோயிலுடையது. அடிமனை வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்களில் இது சாதாரணம். இதே மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்குக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் நிலமே கொடுத்தார், இன்றும் அதைக் குறவஞ்சிமேடு என்கிறார்கள். நம் பாடக்குறிப்பேட்டுக்கு யாரும் அப்படித் தருவதாகத் தெரியவில்லை.

எங்கள் மனையின் புலப்பட நகலை வாங்கி வந்ததும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் மனையின் மேற்கு ஓரத்தில் இரட்டைக் கோடு ஒன்று ஓடுகிறது. ஓடை. நேரில் பார்த்தபோது அங்கே ஓடையே இல்லை, மண் போட்டு மேவியிருந்தார்கள். தரகரைக் கேட்டால், “அது எந்தக் காலத்து ஓடையோ டீச்சர், இப்ப தண்ணியே வாரதில்ல” என்றார். நாங்கள் விலகிக்கொண்டோம். முன்பணம் போனது போனதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் குளங்களும் ஓடைகளும் நிறைந்துதான் போயின. மழை வெறித்த பிறகு என் கணவர் வண்டியில் அந்த மனைப் பக்கம் போய்வந்தார். அங்கே இரண்டு வீடு எழும்பியிருந்தது. முன்வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வராது என்று சொன்ன தண்ணீர் பழைய வழியைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் சாமான்களை மாடிப்படியில் அடுக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவர்களும் ஒரு ஜூலை மாதம்தான் வந்து பார்த்திருப்பார்கள்.

இதைக் கேட்டதும் அத்தை சொன்னார்: “சாரல்ல எல்லா இடமும் அழகாத்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில போய்ப் பாக்கணும். நம்ம ஊருக்கு ரெண்டு மழைல்லா?”

இப்போதைய நிலவரத்தைச் சொல்லி முடிக்கிறேன். 35 லட்சத்துப் புது வீட்டை விட்டுவிட்டோம். ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். இரண்டேகால் சென்ட், ஒற்றைத் தளம், 24 லட்சம் சொல்கிறார்கள். பத்திரச் செலவு 2,16,000. திரும்பி வந்த ஒத்திப் பணம், அத்தை ஊரில் விற்ற வயலின் பங்கு, என் சேமிப்பு, கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்தால் 14 லட்சத்துக்குச் சற்று மேல் தேறும். கடன் 12 லட்சம் வாங்கினால் 16 ஆண்டுக்குத் தவணை 11,454. வாடகையைவிட நாலாயிரம் கூட. இது எங்களால் தாங்கக்கூடிய தொகை. நாளைக்கே பணி நிரவலிலோ மாறுதலிலோ நான் வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலும், இங்கே தவணையும் அங்கே வாடகையும் சேர்த்துக் கட்ட முடியும். 24 ஆயிரம் தவணை வைத்துக்கொண்டு அப்படிப் போக முடியாது. நம் வேலையில் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆனால் கணக்கு மட்டும் இல்லை. மூன்றாவது வீட்டில் நாங்கள் மாடியில் இருந்தோம். மூட்டுவலியோடு அத்தை அந்தப் படிகளில் ஏறியிறங்க முடியாமல் ஒரு வருடம் வெளியே போகாமலே இருந்தார். இந்தப் பழைய வீடு தரைத்தளம், வாசலில் ஒரு திண்ணையும் இருக்கிறது. அவருக்கு அந்தத் திண்ணை பிடித்துவிட்டது. எனக்கு 60 வயதாகும்போது வாடகையை எதிலிருந்து கொடுப்பது என்ற கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் குற்றால வீட்டுக்காரரை நினைத்துக்கொள்கிறேன்.

முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. பத்திர நகல்கள் வழக்கறிஞரிடம் இருக்கின்றன, புலப்படத்தை நானே ஒருமுறை அளந்துவிட்டேன், இரட்டைக் கோடு எதுவும் இல்லை. விற்கிறவர் ஆவணிக்குள் பேச்சை முடிக்கச் சொல்கிறார். நாங்கள் கார்த்திகை வரை தவணை கேட்டிருக்கிறோம். நல்ல மழை பெய்கிற ஒரு நாளில், அத்தையையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் போகிறோம். ஆட்டோ யாருடையது என்று கேட்கிறீர்களா? அந்தப் பையனின் அப்பாவுடையதுதான். சீசன் முடிந்துவிட்டால் அவருக்கும் சவாரி வேண்டும் அல்லவா?